ஒரே முகவரியில் இரண்டு இணைப்பு

ஜனவரி 12

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. முழங்காலைத் தவிர நான் முழுக்க நலம். நீயும் அந்தக் காற்றிலும் மழையிலும் உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். தீவுக்குப் படகு பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள். ஆகவே இதைப் படித்ததும் பதில் எழுதி, அதே படகில் போட்டுவிடு.

விஷயம் இதுதான். நான் வீடு மாறுகிறேன். பதற ஒன்றுமில்லை. ஓனர் இந்த வீட்டைத் தன் தம்பிக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார். அவர் வீடு, அவர் தம்பி. ஒரு மாடி அறையைப் பார்த்து வைத்திருக்கிறேன். நல்ல காற்று வரும். வீட்டுக்காரம்மா கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர்.

முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனுக்கு ஒரு பீரோவை மூன்றாம் மாடியிலிருந்து இறக்குவது பெரிய காரியமில்லை. சிக்கல் இன்டர்நெட்டில்தான் இருக்கிறது. நீ எனக்காக எடுத்துக் கொடுத்த பிராட்பேண்ட் ஒப்பந்தம் முடிய இன்னும் பதினாறு மாதம் இருக்கிறதாம். வீட்டைக் காலி செய்யலாம், ஒப்பந்தத்தைக் காலி செய்ய முடியாதாம். வேண்டுமானால் லைனைப் புது வீட்டுக்கு மாற்றித் தருவார்களாம். நேரிலேயே போய்க் கேட்டேன். கவுண்டரில் இருந்த அம்மா கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒப்பந்ததாரர் நீங்க இல்லையே சார்" என்றார். என் மகள் என்றேன். அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அவள் கடலுக்கு நடுவில் இருக்கிறாள் என்றேன். "கடலுக்கு நடுவுல இருந்தாலும் பேனா இருக்கும்ல சார்" என்றார்.

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்ட மூன்று இடத்திலும் கையெழுத்துப் போடு. புது முகவரிக் கட்டத்தை அப்படியே விட்டுவிடு, நான் நிரப்பிக்கொள்கிறேன். நீ சிரமப்பட வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அப்பா


தீவு வானிலை நிலையம்
ஜனவரி 29

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று உருளைக்கிழங்கு மூட்டையோடு வந்து இறங்கியது. நலமாகத்தான் இருக்கிறேன். நிலையத்தில் நான்கு பேர், நான்கு பேருக்கும் ஒரே ஜலதோஷம், அதை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா, அல்லது கொடுப்பதாகச் சொல்கிறீர்களா?

கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். போடும்போது சிரிப்பு வந்தது. உங்கள் வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் ஒரே நாளில், என் பெயரிலேயே, இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் லைன் எடுத்தேன். மூன்று பேரும் முகம் பார்த்துப் பேசலாமென்று எனக்கு அப்படி ஒரு ஆசை. மூன்றாவது மாதமே என்னை இந்தத் தீவுக்குத் தூக்கிப்போட்டார்கள். இங்கே இருக்கிற ஒரே இணைப்பில் வெப்பநிலையும் காற்றழுத்தமும் மட்டும்தான் போகும். ஒரே போன், அதுவும் ஆபத்துக்கு மட்டும். இரண்டு வீட்டுக்கு இன்டர்நெட் வாங்கிக் கொடுத்தவள் பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அப்பா, இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், ஒரு விவரமும் இல்லை. எந்தத் தெரு? கடை பக்கத்தில் இருக்கிறதா? மாடி என்றால் எத்தனையாவது மாடி? அம்மாவுக்குத் தெரியுமா? நீங்கள் இருவரும் ஆளுக்கொரு வீட்டில் இருக்கத் தொடங்கி ஏழு வருஷம் ஆகிறது. நடுவில் இரண்டே பேருந்து நிறுத்தம். போகிற இடத்தையாவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். அம்மாவுக்கு நானும் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன், பொதுவாகத்தான்.

இன்று காலை நான் விட்ட பலூன் மேகத்துக்குப் போகாமல் சமையலறைப் புகைபோக்கியில் மாட்டிக்கொண்டது. மற்றபடி வானிலை தெளிவு.

உங்கள் மகள்


பிப்ரவரி 11

கண்ணு,

உன் கடிதம் வந்தது. எனக்கு ஒரு குறையும் இல்லை, கண்ணுக்கு மட்டும் ஊசியில் நூல் கோர்க்க இரண்டு தடவை ஆகிறது. உனக்கு ஜலதோஷம் என்று எழுதியிருந்தாய். தலையைத் துவட்டாமல் வெளியே போய் மழையை அளந்தால் அப்படித்தான்.

என் தையல் வகுப்பில் இப்போது பத்தொன்பது பேர். தினமும் நாலு மணிக்குக் கேமராவைப் போட்டு உட்கார்ந்தால் ஐந்தரை வரை மூச்சுவிட நேரமில்லை. இப்போது காலர் தொடங்கியிருக்கிறோம். காலர் திருப்பத் தெரிந்துவிட்டால் சட்டையில் பாதி தெரிந்த மாதிரி. நீ லைன் எடுத்துத் தந்தபோது எனக்கு எதற்கு இந்தக் கண்றாவி என்று சொன்னவள் நான். இப்போது அதுதான் எனக்குக் கைகால்.

வேறு ஒன்று. மாடி அறை சும்மாதானே கிடக்கிறது என்று ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். வயதானவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பெட்டிதான் சாமான். தொந்தரவு இல்லாத ஆள் மாதிரி தெரிகிறது. சாப்பாடும் சேர்த்துத் தர முடியுமா என்று கேட்டார். பார்க்கலாம் என்று பிடி கொடுக்காமல் சொல்லியிருக்கிறேன்.

உன் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தாய். நன்றாகத்தான் இருக்கிறார் என்று தோன்றுகிறது.

ஸ்வெட்டரைப் போட்டுக்கொள். அலமாரியில் வைத்து அழகு பார்க்கவா பின்னிக் கொடுத்தேன்.

அம்மா


பிப்ரவரி 22

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் இணைய வேகமும் நலமாக இருக்க விழைகிறோம்.

தங்கள் கையெழுத்துடன் கூடிய இடமாற்ற விண்ணப்பம் கிடைக்கப்பெற்றது. அதில் புதிய முகவரியாகக் கதவு எண் 14 குறிப்பிடப்பட்டுள்ளது. எங்கள் பதிவேட்டின்படி அம்முகவரியில் ஏற்கெனவே ஓர் இணைப்பு இயங்கிவருகிறது. அதன் ஒப்பந்ததாரரும் தாங்களே. ஒரு முகவரிக்கு ஓர் இணைப்பு என்பது நிறுவன விதி.

முகவரி தவறுதலாக நிரப்பப்பட்டிருப்பின் தெரிவிக்கவும். தவறில்லை எனில், ஒரே வீட்டில் தங்களுக்கு இரண்டு இணைப்புகள் எதற்குத் தேவைப்படுகின்றன என்பதை விளக்கவும்.

தங்கள் நலனையே என்றும் நாடும்,
வாடிக்கையாளர் உறவு அலுவலர்


தீவு வானிலை நிலையம்
மார்ச் 7

அப்பாவுக்கு,

நலம். ஜலதோஷம் என்னை விட்டுவிட்டு மறுபடி சமையல்காரரிடம் போயிருக்கிறது.

உங்கள் முழங்காலுக்கு அந்த மாடிப்படி ஒத்துக்கொள்கிறதா? மொத்தம் பதின்மூன்று படி, ஏழாவது மட்டும் கொஞ்சம் உயரம். சின்ன வயதில்லை என்றாலும் நானே அதில் இரண்டு தடவை விழுந்திருக்கிறேன்.

முகவரி தவறா என்று கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள். அந்த முகவரி எனக்கு மனப்பாடம். அது அம்மா வீடு. உங்கள் கடிதத்தையும் அம்மா கடிதத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்த்தேன். நீங்கள் ஒரு பொய்யும் எழுதவில்லை. வீட்டுக்காரம்மா என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்காரம்மாதான். அவளும் பொய் எழுதவில்லை. வயதானவர், இரண்டு பெட்டி, ஓய்வு பெற்றவர். என்ன, இரண்டு பேரும் என்னிடம் பக்கத்து வீட்டுச் சமாசாரம் போல எழுதியிருக்கிறீர்கள்.

சந்தோஷப்படலாமா கூடாதா என்று தெரியாமல் காலையிலிருந்து மழைமானியைச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறேன். ஏழு வருஷம் கழித்து நீங்கள் அந்த வீட்டுக்கு ஏன் போனீர்கள், எதுவரை இருப்பீர்கள், எனக்குத் தெரிய வேண்டும். நீங்கள் பதில் எழுதும்வரை உங்கள் விண்ணப்பத்தை நிறுத்திவைக்கும்படி கம்பெனிக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன்.

உங்கள் மகள்


மார்ச் 25
(அஞ்சல் அட்டை)

அன்பு மகளுக்கு,

நலம், நலமே விழைகிறேன். படிகள் பதினான்கு, நீ ஒன்றை விட்டுவிட்டாய். ஏழாவதைத் தட்டிச் சமன் செய்துவிட்டேன். கார்டில் இதற்கு மேல் இடமில்லை.

அப்பா


ஏப்ரல் 3

கண்ணு,

நான் நலம் என்று எழுத இன்றைக்கு என்னால் முடியவில்லை. நீயாவது நலமாக இரு.

போன வாரம் வெள்ளிக்கிழமை, வகுப்பில் காலரைத் திருப்பிப் பாதியில் நிற்கிறேன், பத்தொன்பது பேரும் என் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வாசலில் கம்பெனி ஆள் வந்து நிற்கிறார். மாடிக்கு லைன் கொடுக்க வந்தாராம். வந்தவர் மாடிக்குப் போகவில்லை. கீழே இருந்த என் லைனைப் பிடுங்கினார். கேட்டதற்கு, "ஒரு வீட்டுக்கு ஒரு லைன்தாம்மா, இதை எடுத்தாத்தான் அதைக் குடுக்க முடியும்" என்றார். எடுத்தார். பிறகு ஆபீசுக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு, அதைக் கொடுக்க முடியாது, அதை நிறுத்திவைக்கச் சொல்லி ஒப்பந்ததாரரிடமிருந்து இன்று கடிதம் வந்திருக்கிறது என்றார். அப்படியானால் இதைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். "இதைத்தான் எடுத்தாச்சே" என்றார். டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். அந்த டீயையும் நான்தான் போட்டுக் கொடுத்தேன், பார்.

ஆக, மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. ஒப்பந்தம் மட்டும் இரண்டும் இருக்கிறது.

நீ அவருக்கு எழுதிய கடிதத்தை அவர் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுப் படியைச் செதுக்கப் போய்விட்டார். நான் படித்தேன். அவர் சொல்லமாட்டார், நானே சொல்கிறேன்.

என் பெரியம்மா இந்த வீட்டை எனக்கு எழுதிவைத்தபோது, இங்கே வந்துவிடலாம், தையல் அறைக்குத் தனி இடம் இருக்கிறது என்றேன். அப்போது அவருக்கு வேலை. எந்த நேரம் எந்த லிஃப்டில் யார் மாட்டிக்கொள்வார்களோ, வேலை செய்யும் டிப்போவுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றார். "நீ முன்னால போ, நான் ஒரு வாரத்துல வந்துடறேன்" என்றார். நான் போனேன். ஒரு வாரம் ஆனது, ஒரு மாதம் ஆனது. வரச் சொல்லி நான் கூப்பிடவில்லை. வரட்டுமா என்று அவரும் கேட்கவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் ஆகியிருக்கலாம். போடாத சண்டைக்கு எப்படிச் சமாதானம் ஆவது? அப்படியே ஏழு வருஷம் போய்விட்டது. அவர் ஓய்வு பெற்றும் இரண்டு வருஷம் ஆகிறது.

நீ லைன் எடுத்துக் கொடுத்ததிலிருந்து புதன்கிழமை தோறும் வருவார். மோடம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தானாம். அது ஒரு நாளும் கெட்டதில்லை. அவர் வந்து பார்த்துவிட்டுப் போனால்தான் கொஞ்சம் மக்கர் செய்யும், அதைப் பார்க்க அடுத்த புதன் வருவார். பிப்ரவரியில் ஒரு நாள் இரண்டு பெட்டியோடு, மோடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டருகே நின்றார். "அந்த வீட்டுல சிக்னல் சரியில்ல" என்றார். "மேல ரூம் காலியாத்தான் இருக்கு. வாடகைக்குத்தான்" என்றேன். சரி என்று மேலே ஏறிப் போய்விட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. இதில் எழுத என்ன இருக்கிறது என்றுதான் எழுதவில்லை. முதலில் என் லைனைத் திருப்பி வாங்கிக் கொடு. பிள்ளைகள் காலரைப் பாதியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

அம்மா


மே 2

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு,

தாங்கள் நலம்பெற்று வாழ விழைகிறோம். (தங்கள் முகவரியில் இணைய வசதி இல்லை என்பதை அறிந்து, வேகம் குறித்து விசாரிப்பதைத் தவிர்த்துள்ளோம்.)

தாங்கள் எழுதிய நீண்ட கடிதம் கிடைத்தது. அலுவலகத்தில் நால்வர் படித்தோம். நடந்த தவறுக்கு வருந்துகிறோம். எனினும் இரண்டு இணைப்புகளும் தற்போது "பரிசீலனையில்" இருப்பதால், எதையும் உடனே இயக்கக் கணினி இடம்தரவில்லை. தங்கள் முன் இரு வழிகள் உள்ளன.

மாடியில் இருப்பவர் வாடகைதாரர் எனில், மாடி தனி முகவரியாகக் கருதப்படும். அதற்குத் தனிக் கதவு எண், தனி வாசல், தனிச் சமையல் ஆகியவை இருத்தல் வேண்டும். எங்கள் ஆய்வாளர் நேரில் பார்வையிடுவார்.

மாடியில் இருப்பவர் குடும்ப உறுப்பினர் எனில், இரு ஒப்பந்தங்களையும் ஒன்றாக்கிக் "குடும்ப இணைப்பு" பெறலாம். அதற்கு ஒப்பந்ததாரரின் கையெழுத்துடன், வீட்டு உரிமையாளர் அவரது உறவைத் தம் கையால் எழுதி நேரில் தர வேண்டும். இணைத்த நாளிலிருந்து புதிதாக இருபத்துநான்கு மாதங்கள் தொடங்கும்.

இரண்டு படிவங்களும் தங்களுக்கும், நகல்கள் தங்கள் தாயார் முகவரிக்கும் அனுப்பப்பட்டுள்ளன.

வாடிக்கையாளர் உறவு அலுவலர்


மே 19

அன்பு மகளுக்கு,

நான் நலம். முழங்கால் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. உனக்குக் காற்று எப்படி?

கார்டில் எழுதாததற்கு மன்னித்துவிடு. அம்மாவே எல்லாம் எழுதிவிட்டதாகச் சொன்னாள். அவள் எழுதியது சரியாகத்தான் இருக்கும்.

கம்பெனிக் கடிதத்தை இருவரும் படித்தோம். வாடகைதாரர் என்ற வழியிலேயே போகலாம் என்று அம்மா சொன்னாள். நான் மறுக்கவில்லை. கறுப்புப் பெயின்ட் வாங்கி, மாடிக் கதவில் 14-ஏ என்று எழுதினேன். எழுத்து நன்றாக அமைந்தது.

ஆய்வாளர் டேப்போடு வந்தார். தனி வாசல் இருந்தது, படி வெளிப்பக்கம்தானே. டிக் போட்டார். கதவு எண்ணைத் தொட்டுப் பார்த்தார், விரலில் ஒட்டியது, ஆனாலும் டிக் போட்டார். சமையல் எங்கே என்று கேட்டார். கெட்டிலைக் காட்டினேன். இதில் என்ன சமைப்பீர்கள் என்றார். வெந்நீர் என்றேன். அந்த நேரம் பார்த்து கீழேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: "சாப்பாடு ஆறுது, இன்னும் எவ்வளவு நேரம்?" ஆய்வாளர் என்னைப் பார்த்தார். நான் கெட்டிலைப் பார்த்தேன். "வாடகைதாரரை இந்த மாதிரிக் கூப்பிட்டு நான் எங்கயும் பாத்ததில்ல சார்" என்று சொல்லி, நிராகரிப்பு என்று எழுதிவிட்டார். போகும்போது, இருங்கள், நீங்களும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று அம்மா சொன்னாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். எழுதியதை மாற்றவில்லை.

வகுப்பு இப்போது பக்கத்துப் பல் டாக்டர் வீட்டில் நடக்கிறது. நோயாளிகள் காத்திருக்கும் அறையில் அவருடைய வைஃபையில் உட்கார்ந்து அம்மா காலர் சொல்லிக்கொடுக்கிறாள். உள்ளே டிரில் ஓடும்போதெல்லாம் நிறுத்திவிட்டு, நின்றதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறாள். தையல் மிஷினை நான்தான் தினமும் கொண்டுபோய்க் கொண்டுவருகிறேன். பழைய இரும்பு மிஷின், நல்ல கனம். "மெதுவா" என்று மட்டும் சொல்வாள்.

டாக்டர் ஜூன் கடைசிவரைதான் இடம் தர முடியும் என்கிறார். அந்த அறையில் பல் பார்க்கிற இரண்டாவது நாற்காலி போடப் போகிறாராம். பத்தொன்பது பேர் இருந்த வகுப்பில் இப்போது பதிமூன்று பேர். யாரால் என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


ஜூன் 6

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு,

தாங்கள் நலமென நம்புகிறோம்.

மாடியில் வசிப்பவர் 3ஆம் தேதி நேரில் வந்து, இடமாற்ற விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாகவும், தாம் அந்த முகவரியிலிருந்து வெளியேறுவதாகவும், கீழ்த்தள இணைப்பை உடனே மீட்டுத் தருமாறும் எழுத்து மூலம் கோரியுள்ளார். இதற்கும் ஒப்பந்ததாரர் என்ற முறையில் தங்கள் கையெழுத்து அவசியம். படிவம் இணைக்கப்பட்டுள்ளது. கையெழுத்திட்டு அனுப்பினால் மூன்று நாட்களில் கீழ்த்தள இணைப்பு இயங்கத் தொடங்கும்.

வாடிக்கையாளர் உறவு அலுவலர்

பின்குறிப்பு: கவுண்டரில் உட்காருவதும் நான்தான் மேடம். எங்கே போகிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன். முகவரி சொல்லவில்லை. எங்கள் விதிப்படி அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் கேட்டேன். உங்கள் அம்மாவுக்கு இது தெரியாது என்று நினைக்கிறேன்.


தீவு வானிலை நிலையம்
ஜூன் 20

அம்மாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன், ஸ்வெட்டரோடு. உன் கண்ணை டாக்டரிடம் காட்டினாயா? பல் டாக்டரிடம் அல்ல.

கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு படிவம் வந்திருக்கிறது. அப்பா உன்னிடம் சொல்லாமல் போய், தான் வீட்டைவிட்டுப் போய்விடுவதாகவும், உன் லைனைத் திருப்பிக் கொடுத்துவிடும்படியும் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் கையெழுத்துப் போட்டால் மூன்றே நாளில் உன் வகுப்பு வீட்டுக்கு வந்துவிடும். அந்தப் படிவத்தை நாலு நாளாக மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்று படகு கிளம்புகிறது. நான் போடவில்லை. உன் பிள்ளைகளின் காலருக்கு நான் பொறுப்பு, தெரியும். இருந்தாலும் போடவில்லை.

அதற்குப் பதிலாகக் குடும்ப இணைப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். அதில் உறவு என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை வீட்டு உரிமையாளர்தான் நிரப்ப வேண்டுமாம். நான் நிரப்ப முடியாது, அப்பாவும் முடியாது. நீ என்ன எழுதினாலும் சரி. ஒன்றும் எழுதாமல் கிழித்துப் போட்டாலும் உன் பக்கம்தான் நான். அப்படியானால் சொல், அடுத்த படகிலேயே மற்றப் படிவத்தை அனுப்பிவிடுகிறேன்.

எனக்கு வருஷத்துக்குப் பதினெட்டு நாள் விடுமுறை. ஏழு வருஷமாக ஒன்பது நாள் அப்பா வீட்டில், ஒன்பது நாள் உன் வீட்டில். பத்தாம் நாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு நிறுத்தம் பேருந்தில் போகும்போது, கண்டக்டர்கூட எந்த வீட்டுக்கு என்றுதான் கேட்பார். இதைச் சொல்லி உன்னை வற்புறுத்தவில்லை. இத்தனை நாள் சொல்லாததால் சொல்கிறேன்.

அப்பா எங்கே போவதாக இருக்கிறார் என்று மட்டும் கேள்.

உன் மகள்


ஜூலை 9

கண்ணு,

நீ நலம்தானே. கண்ணாடி மாற்றிவிட்டேன், ஒரே தடவையில் நூல் கோர்த்துவிடுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று வகுப்பு கிடையாது. பல் டாக்டர் வீட்டில் புது நாற்காலி வந்து இறங்கிவிட்டது. படித்துவிட்டு மாடிக்குப் போனேன். அவர் வந்ததிலிருந்து நான் ஒரு நாளும் மேலே ஏறியதில்லை. இரண்டு பெட்டியும் கட்டிலுக்கு அடியில், கயிறு போட்டுக் கட்டி, தயாராக. கொடியில் ஒரு சட்டை, அவ்வளவுதான் வெளியே இருந்தது.

"எங்க போறதா இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"பாத்துக்கலாம்னு."

"பழைய வீட்டுக்கா?"

"அங்க வேற ஆள் வந்தாச்சு." முழங்காலைத் தடவிக்கொண்டார். "ஓனர் என்னைப் போகச் சொல்லல. தம்பி எல்லாம் யாரும் இல்ல. நானாத்தான் சாவியக் குடுத்தேன்."

"எதுக்கு?"

"ஒரு வாரத்துல வரேன்னு சொல்லியிருந்தேன்ல" என்றார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கேட்பதற்கு ஏழு வருஷக் கேள்வி சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அந்த ஒரு சட்டையை எடுத்து அவர் மடியில் போட்டு, "மாத்திட்டு வாங்க, ஆபீசை அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க" என்றேன்.

கவுண்டரில் அந்த அம்மாதான் இருந்தார். உன்னைத் தெரிந்தவர் மாதிரி விசாரித்தார். உறவு என்ற கட்டத்தில் நான் முதலில் "தெரிந்தவர்" என்று எழுதினேன். நீ சிரிக்காதே, கை அப்படித்தான் போனது. அது பட்டியலில் இல்லை என்றார். தெரியாத்தனமாக இப்படி நிறையப் பேர் எழுதுவார்கள் என்று சொல்லி வேறு படிவம் கொடுத்துவிடுவாரோ என்று பயந்தேன், உன் கையெழுத்து உள்ள படிவம் ஒன்றுதானே இருக்கிறது. அடித்து எழுதச் சொன்னார். ஏழு வருஷமாகத் தனித்தனியாக இருக்கிறோம், அதற்கு என்ன போடுவது என்று கேட்டேன். "எங்க சிஸ்டத்துல அதுக்குக் கட்டம் இல்லைங்க" என்றார். இவர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு சுவரில் இருந்த விளம்பரத்தைப் படிப்பது போல் பாவனை செய்துகொண்டிருந்தார். ஆனால் என் பேனாவைத்தான் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். அடித்துவிட்டுக் கணவர் என்று எழுதினேன். எழுத்து கொஞ்சம் கட்டத்தைத் தாண்டிவிட்டது. பரவாயில்லை, செல்லும் என்று முத்திரை குத்திவிட்டார்.

குடியிருப்பவர்களும் படித்துப் பார்த்து ஒப்பமிட வேண்டுமாம். நான் போட்டுவிட்டேன். இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து ஆறு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தார். வரிசையில் நாலு பேர் நின்றார்கள். இருபத்துநான்கு மாதம், அதுவரை வீடு மாறக் கூடாது, எல்லாம் படித்துவிட்டுத்தான் போட்டார். இந்த மனிதர் எனக்கு எதையும் எழுத்தில் கொடுத்ததில்லை, தெரியுமா உனக்கு. கல்யாணத்துக்கு முன்பு ஒரு கடிதம்கூட இல்லை.

மூன்றாம் நாள் லைன் வந்தது. பதிமூன்று பேரோடு தொடங்கினேன், போனவர்களில் நாலு பேர் திரும்பி வந்துவிட்டார்கள். காலரை முடித்துக் கைப்பட்டிக்குப் போய்விட்டோம். அவர் கீழேதான் இருக்கிறார். பெட்டிகளை அவிழ்த்தபோது உள்ளே பாதி ஸ்பேனரும் திருப்புளியும்தான். மாடியை உனக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார், உனக்குப் பச்சை பிடிக்குமா நீலம் பிடிக்குமா என்று தினமும் என்னைக் கேட்கிறார். நேராக உனக்கு எழுதிக் கேளுங்கள் என்றால் சிரிக்கிறார்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அன்று ஆபீசிலிருந்து வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போது அவரிடம் கேட்டேன், இருபத்துநாலு மாதம் முடிந்தால் என்ன செய்வதாக உத்தேசம் என்று. விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அஞ்சாம் பக்கம் நீ படிக்கலயா?" என்றார். நான் எங்கே படித்தேன். "யாரும் வேணாம்னு எழுதிக் குடுக்கலைன்னா, அது பாட்டுக்குப் புதுப்பிச்சுக்கிட்டே போகுமாம்."

அவர் எழுதிக் கொடுக்க மாட்டார். நானும் கொடுக்கப் போவதில்லை. ஆனால் ஒப்பந்தம் உன் பெயரில் இருக்கிறது. ஆகவே, அந்தக் கம்பெனியிலிருந்து இனி என்ன காகிதம் வந்தாலும் நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடாதே.

இங்கே இருவரும் நலம்.

அம்மா